இடது பக்கம் வளையல்

வேவு பார்க்கும் வேலையை எனக்கு முதலில் கொடுத்தது என் அம்மாதான். அப்போது எனக்குப் பதினோரு வயது. கூலி, திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியில் ஒரு தேங்காய் பன். என் வயதுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், அந்த நாளில் ஒரு பிள்ளையின் வாயைத் திறக்கவும் மூடவும் அந்த பன் ஒன்று போதும்.

வேலை இதுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அப்பா காரை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி போவார். நானும் ஏறிக்கொள்ள வேண்டும். எங்கே நிறுத்துகிறார், யாரோடு பேசுகிறார், பேசும்போது சிரிக்கிறாரா என்று பார்த்துவந்து சொல்ல வேண்டும்.

"சிரிக்கிறாரான்னு ஏன்மா பாக்கணும்?"

"ஊட்ல சிரிக்கிறது இல்லல்ல. அப்போ வேற எங்கியோ சிரிச்சுக்கினு கீறாருன்னு அர்த்தம்."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அந்த வருஷம் அப்பா மாறித்தான் போயிருந்தார். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். சாப்பிடும்போது ஏதாவது கேட்டால், கேட்டதற்குச் சம்பந்தம் இல்லாத பதில் வரும். சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் நிற்கும் காருக்குள் போய், நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பார். ஒரு மனிதன் தன் வீட்டை விட்டுவிட்டுத் தன் காருக்குள் போய் உட்கார்ந்தால், அவன் மனைவி என்னதான் நினைப்பாள்?

அந்தக் கார் எங்களுக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். வெள்ளை அம்பாசடர். முன்னால் ஆவடியில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. சீட்டிலிருந்து மருந்து வாசனை கடைசிவரை போகவே இல்லை. டேஷ்போர்டில் ரேடியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகரத் தகடு திருகியிருந்தது. வண்டி வந்த அன்று அப்பா இன்ஜினைத் திறந்து பார்க்கவில்லை, டயரை உதைத்துப் பார்க்கவில்லை. அந்தத் தகட்டைத்தான் விரல் நகத்தால் தட்டிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முன் அப்பா சர்ச் பாடகர் குழுவில் இருந்தவர். யாராவது சுருதி விலகினால் அவர் புருவம் முதலில் தெரிந்துகொள்ளும் என்று அம்மா சொல்வாள். நான் பார்த்த அப்பா பாடியதே இல்லை. பாடி என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில், பிரஸ் ஷாப்பை மேற்பார்க்கும் சார்ஜ்மேன். ராட்சத அச்சுகள் நாள் முழுக்க இரும்புத் தகட்டின்மேல் விழுந்து மட்கார்டும் கதவுமாக வெட்டித் தள்ளும் இடம். ஒருமுறை ஆயுத பூஜைக்கு எங்களை உள்ளே விட்டார்கள். இயந்திரங்கள் நின்றிருந்தன. காட்டுவதற்காக ஒன்றை மட்டும் ஓட்டினார்கள். அந்த ஒரு அடியில் தரை என் உள்ளங்காலில் எகிறியது. "பாடிக்குப் போய்ப் போய் உங்கப்பாவுக்குப் பாட்டு போச்சு" என்பாள் அம்மா. அவள் அதைக் கிண்டலாகத்தான் சொன்னாள்.

காரில் பாட்டு செட் மாட்டுகிற பாயின் கடை, டிரங்க் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருந்தது. பக்கத்தில் சீட் கவர் தைப்பவர் கடை. இரண்டு கடைக்கும் நடுவே ஒரே ஒரு பூவரச மரம். அதன் நிழலில்தான் கார் நிற்கும். ரெக்ஸின் வாசனையும், ஈயம் உருக்கிப் பற்றவைக்கும்போது எழும் பிசின் புகையும், வெயிலும் கலந்து அங்கே ஒரு மணம் அடிக்கும். பாய்க்கு அப்போது நாற்பது வயது இருக்கலாம். மெலிந்தவர். பேச்சைவிட வேலை அதிகம். ஒயரைப் பல்லால் கடித்து உரிப்பார்.

முதல் ஞாயிறு அந்தத் தகரத் தகடு கழன்றது. அதற்குள் ஒரு கேசட் செட் உட்கார்ந்தது. கறுப்பு முகம், இரண்டு வெள்ளிக் குமிழ். பொத்தானை அழுத்தினால் கேசட் "க்ளக்" என்று துப்பும். பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் பாய் பென்சிலால் இரண்டு முட்டை வடிவம் வரைந்தார். அளந்தார். மறுபடி அளந்தார்.

"வெட்டிட்டா ஒட்டாது சார்" என்றார் அப்பாவிடம். பிறகுதான் ரம்பத்தை எடுத்தார்.

எல்லாம் முடிந்ததும் ஒரு கேசட்டைப் போட்டார். அதில் பாட்டு இல்லை. அவரே பதிவு செய்தது. தகரக் கூரையில் மழை, ரயில் போவது, டம்ளரில் ஸ்பூன் தட்டுவது, அவர் மனைவி கையைக் குலுக்கி எழுப்பிய கண்ணாடி வளையல் சத்தம். வளையல் இடது பக்கம் மட்டும், ஸ்பூன் வலது பக்கம் மட்டும் வருகிற மாதிரி எடுத்திருந்தார். "இதுல தெரிஞ்சுடும் சார், எந்தப் பக்கம் கோளாறுன்னு." பின்சீட்டில் என் இடது காதோரம் யாரோ ஒரு பெண் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. நான் திரும்பியே பார்த்தேன்.

அப்பா, "மழை நல்லா கேக்குது" என்றார். வளையலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அன்று அம்மாவிடம் நான் கொடுத்த தகவல்: ஒரு பாய், ஒரு சீட் கவர்காரர், ஒரு மரம். சிரிப்பு இல்லை. கேசட்டில் ஒரு பெண்ணின் வளையல் சத்தம் இருந்தது. அம்மா கடைசித் தகவலை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். பன் வாங்கித் தந்தாள்.

அடுத்த ஞாயிறும் போனோம். செட்டில் பாட்டு "மொழமொழ"வென்று வருகிறது, கூர்மையே இல்லை என்றார் அப்பா. பாய் தலையை உள்ளே விட்டுக் கேட்டார். இன்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார். மிதித்ததும் ஸ்பீக்கரில் "உய்ய்ய்" என்று ஒரு கீச்சுக் குரல் கிளம்பியது. மிதிக்க மிதிக்க அது ஏறியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். சீட் கவர்காரர் ஊசியோடு எட்டிப் பார்த்தார்.

"இது தொந்தரவா இல்லியா சார்?" என்று கேட்டார் பாய்.

"எது?"

பாய் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்ஜின் கத்துது சார். ஒரு செப்புக்கம்பி காயில் வெச்சா அடங்கிடும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

அந்த வாரம்தான் ட்வீட்டர் வந்தது. தீப்பெட்டி அளவுக்கு இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள், முன் கண்ணாடியின் இரண்டு மூலையிலும். அதற்கும் அடுத்து ஈக்வலைசர். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், வரிசையாக ஏழு பொத்தான்கள், மேலே தள்ளினால் ஒரு சத்தம், கீழே இறக்கினால் ஒரு சத்தம், நடுவே பாட்டுக்குத் தகுந்தாற்போல் துள்ளும் சிவப்பு, பச்சை விளக்குகள். அப்பா கீச்சுச் சத்தத்தைக் கூட்டும் வலது ஓரத்துப் பொத்தான்கள் மூன்றையும் உச்சிக்குத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எனக்குப் பல் கூசும். வயலின் வந்தால் யாரோ தகரத்தைச் சுரண்டுவது போலிருக்கும். "இப்பவும் கூர்மையே இல்ல" என்பார்.

கோடை லீவு தொடங்கியபோது டிக்கியில் ஆம்ப்ளிஃபையரும் ஏறிவிட்டது. எங்கள் தெருமுனையில் கார் திரும்பும்போதே வீட்டு ஜன்னல் கம்பி அதிரும். சர்ச்சில் பக்கத்து வரிசைக்காரர்கள் அந்தச் சத்தத்தைப் பற்றி அம்மாவிடம் மென்மையாக விசாரித்தார்கள். அம்மா காதில் பஞ்சோடு காரில் வர ஆரம்பித்தாள்.

இந்த இடத்தில்தான் மாமா உள்ளே வருகிறார்.

மாமா என் அம்மாவின் தம்பி. அப்பா வேலை செய்த அதே தொழிற்சாலையில், ஆட்கள் உள்ளே வருவதையும் போவதையும் குறிக்கும் டைம் ஆபீசில் இருந்தார். அந்த வேலையோ என்னவோ, உலகத்தில் எல்லோரும் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்துவிட்டுச் சரியான நேரத்தைச் சொல்கிறவர்கள் என்பது அவர் எண்ணம். ஒரு ஞாயிறு மதியம் கறிக்குழம்பு சாப்பிட்டு எழுந்தவர், காரின் பின் பலகையில் தலையை நுழைத்து ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"மச்சான், இது டூப்ளிகேட். ஸ்டிக்கர் ஒட்டிக் கீறான்."

"எதிர்ல வெச்சுத்தானே பாக்கெட்ட பிரிச்சான்" என்றார் அப்பா.

"மொத நாளு ஒரிஜினல்தான் மாட்டுவான். அப்பால ஒவ்வொரு வாரமும் நீங்க வண்டிய விட்டுட்டு டீக்கு போறீங்களே, அப்போ மாத்திடுவான். அதான் உங்களுக்கு சத்தம் பத்தல. ஒரு நாளு ட்வீட்டரு, ஒரு நாளு ஸ்பீக்கரு. இது ஒரு தொழிலு."

 அன்று சாயங்காலம் அப்பா ஒரு ஆணியை எடுத்துக்கொண்டு போய், இரண்டு ஸ்பீக்கரின் விளிம்பிலும் உள்பக்கமாகச் சின்னச் சிலுவை கீறிவைத்தார். அடுத்த ஞாயிறு திரும்பி வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு சிலுவையும் அப்படியே இருந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது. மாமாவிடம் சொன்னேன்.

"உங்கப்பா கீறுனத பாத்து அவனும் ஒண்ணு கீறியிருப்பான்" என்றார் மாமா.

அப்பா அதையும் நம்பினார். எங்கள் வீட்டில் அந்த மாதம் யாரும் யாரையும் முழுசாக நம்பவில்லை. அம்மா அப்பாவை, அப்பா பாயை, மாமா ஊரையே. நான் மட்டும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்ப்பதுதானே என் வேலை. அப்படிப் பார்த்ததில்தான் எனக்கு அந்த விஷயம் தட்டுப்பட்டது.

ஒரு சனிக்கிழமை அம்மா அடுப்பில் குக்கரை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். "நாலு விசில் வந்தா எறக்கிடுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்பா சமையலறை வாசலை ஒட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் இருந்தேன். விசில் வந்தது. எண்ணினேன். நாலு, ஐந்து, ஏழு. அப்பா அசையவில்லை. பருப்பு தீய்ந்த வாசனை வந்ததும்தான் துள்ளி எழுந்தார். ஓடிவந்த அம்மா, "எத்தினி விசில் வந்துச்சு?" என்றாள்.

"ஒண்ணுகூட வரலியே" என்றார் அப்பா.

அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தாள். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அது பொய் சொல்லும் முகம் இல்லை. பயந்த முகம்.

மறுநாள் காலை அவர் முகம் மழிக்கும்போது பின்னால் போய் நின்றேன். கண்ணாடியில் நான் தெரியாத இடமாகப் பார்த்து நின்றேன். அம்மா கழற்றிவைத்திருந்த கைவளையல் இரண்டை எடுத்துவந்திருந்தேன். அவர் காதுக்கு ஒரு முழம் தள்ளிக் குலுக்கினேன். அவர் தாடையை நிதானமாக மழித்துக்கொண்டிருந்தார். இன்னும் பலமாகக் குலுக்கினேன். பிறகு வளையலைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். கிணற்றடியில் போய்த்தான் உட்கார்ந்தேன்.

ஏன் உடனே அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அன்று மதியச் சாப்பாட்டில் மாமா ஒரு கதை சொன்னார். பிரஸ் ஷாப்பில் பழைய ஆள் ஒருவர், காது டமாரச் செவிடாம். பின்னால் வந்த டிராலி சத்தம் கேட்காமல் காலைக் கொடுத்துவிட்டாராம். டாக்டர் பரிசோதித்து 'அன்ஃபிட்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"காது போனா பிரஸ் ஷாப்ல இன்னா பண்ணுவான்? ஊட்ல குந்திக்கினு கீறான் இப்போ" என்று சொல்லிவிட்டு மாமா எலும்பைக் கடித்தார். அப்பா தலை நிமிரவே இல்லை. அவருக்கு அது கேட்டதா, கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கேட்டது. மாமா வயிற்றில் எதுவும் தங்காது என்பதும் தெரியும். அம்மாவிடம் சொன்னால் அது மாமாவிடம் போகும், மாமாவிடம் போனால் டைம் ஆபீஸ் முழுக்கப் போகும். அதனால் முதல் தடவையாக ஒரு தகவலை நான் அம்மாவிடம் கொடுக்கவில்லை.

அடுத்த வாரமே அந்த ஞாயிறு வந்தது. மாமாவும் காரில் ஏறினார். "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம் மச்சான்" என்றார். பருத்திப்பட்டு ஏரி தாண்டியும் அப்பா செட்டைப் போடவில்லை.  அந்தக் கார் அவ்வளவு அமைதியாக ஓடி நான் பார்த்ததில்லை.

பூவரச மரத்தடியில் இரண்டு மூன்று கார்கள் நின்றிருந்தன. டிரைவர்கள் சீட் கவர்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா இறங்கியதும் நேரே பாயிடம் போனார்.

"என் ஸ்பீக்கர இன்னா பண்ண?"

பாய்க்குப் புரியவில்லை. "இன்னா சார், அறுந்துபோச்சா?"

"நடிக்காத பாய்" என்றார் மாமா. "ஒரிஜினல எடுத்துட்டு டூப்ளிகேட் போட்டுக் கீற. எங்களுக்குத் தெரியும்."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் கையிலிருந்த ஈயம் பற்றவைக்கும் கோலை மெதுவாகத் தாங்கியில் வைத்தார். "சார், நா அப்டி ஆளு இல்ல. வண்டிய தொறங்க, இப்பவே பாத்துடலாம்."

"நல்லாத்தான் கேக்குது. நானே வாராவாரம் கேக்குறேன்" என்றார் சீட் கவர்காரர்.

"நீ பக்கத்து கடைக்காரன். நீ வேற இன்னா சொல்லுவ?" என்றார் மாமா. இருவருக்கும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

பாய் அதில் சேரவில்லை. அப்பாவை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். தான் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் பின்சீட்டில், ஸ்பீக்கரை ஒட்டி உட்காரச் சொன்னார். நாலு கண்ணாடியையும் ஏற்றினார். வெளிச் சத்தம் அறுந்தது. உள்ளே வெயிலும் ரெக்ஸின் சூடும். அவருடைய கேசட்டைப் போட்டார். மழை வந்தது. ரயில் வந்தது. பிறகு என் இடது காதோரம், கண்ணாடி வளையல்கள்.

"சார், இப்போ கேக்குதா?"

அப்பா முன் கண்ணாடி வழியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்ல" என்றார்.

பாய் சத்தத்தைக் கூட்டினார். வளையல்கள் என் மண்டைக்குள் உடைந்து விழுந்தன. "இப்போ?"

"டேப்பு வெறுமனே ஓடுது."

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். "கொழந்த பொய் சொல்லாது சார். பாப்பா, நீ சொல்லு. வளையல் கேக்குதா?"

அந்தக் காருக்குள் மூன்று பேர்தான் இருந்தோம். நான் "கேக்குது" என்றால், கதவைத் திறந்ததும் வெளியே நிற்கும் மாமாவுக்கு இரண்டில் ஒன்று தெரிந்துபோகும், கோளாறு அப்பாவின் காதில்தான் என்று. டிரைவர் தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் அப்பாவின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"கேக்கல" என்றேன்.

பாய் கேசட்டை நிறுத்தினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி" என்றார். அவ்வளவுதான். ஏன் பொய் சொல்கிறாய் என்று கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். அவர் கேட்கவில்லை.

அப்பா இறங்கி, "பாப்பாவுக்கே கேக்கல" என்றார். மாமாவுக்கு அதற்கு மேல் உள்ளே போய்க் கேட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெஞ்சில் இருந்த டிரைவர்களைப் பார்த்து, "உங்க வண்டியையும் நல்லா பாத்துக்கங்கப்பா. பச்சப்புள்ளையே சொல்லிட்டுது" என்றார். அதில் ஒருவர் எழுந்து தன் காரின் பின் பலகையைத் தட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். அன்று மாலையே எங்கள் காரிலிருந்த எல்லாவற்றையும் மாமா பிடுங்கிப் போட்டார். டேஷ்போர்டில் ஓட்டை, மூலையில் ஓட்டை, பின் பலகையில் இரண்டு முட்டை ஓட்டை. அப்பா பாட்டைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை.

மாமா அந்தக் கதையைத் தொழிற்பேட்டை முழுக்கச் சொன்னார். கார் வைத்திருக்கிற ஆட்கள் அந்த நாளில் எத்தனை பேர்? எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். தீபாவளிக்குள் பாயின் கடை மூடியாயிற்று.

அப்பாவின் விஷயம் அடுத்த வருஷம் தொழிற்சாலை வைத்தியப் பரிசோதனையில் தானாக வெளிவந்தது. உச்சஸ்தாயிச் சத்தங்கள் அவர் காதில் முக்கால்வாசி போய்விட்டன, மீதியும் போய்க்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. மாமா சொன்ன அந்தப் பழைய ஆளும் வயது முடிந்து தானாக ஓய்வு பெற்றவர்தான் என்று அப்புறம் தெரிந்தது. நான் ஒரு மனிதரின் நல்ல பெயரைப் பலிகொடுத்துக் காப்பாற்றிய வேலைக்கு ஆபத்தே இருக்கவில்லை.

அம்மா இரண்டு நாள் அழுதாள். தான் சந்தேகப்பட்டதற்கு அழுதாள். மூன்றாம் நாள் முகம் கழுவிக்கொண்டு, "அந்த பாய்க்கு ஒரு வார்த்த சொல்லணும்" என்றாள். அப்பா வரவில்லை. நானும் அம்மாவும் ஆவடியிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். கடை இருந்த இடத்தில் யாரோ பிளாஸ்டிக் குடம் விற்றுக்கொண்டிருந்தார்கள். சீட் கவர்காரர் எங்களைப் பார்த்ததும் ஊசியை வைத்தார். உட்காரச் சொல்லவில்லை. பாய் நசரத்பேட்டையில் லாரிக்கு ஒயரிங் செய்கிற ஷெட்டில் கூலிக்கு இருப்பதாகச் சொன்னார்.

ஷெட்டை ஒட்டியே அவர்கள் குடியிருந்தார்கள். பாய் ஒரு லாரியின் அடியிலிருந்து வந்தார். அம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரருக்குக் காதுலதான் கோளாறு. உங்க மேல தப்பு இல்ல பாய். தெரியாம நடந்துபோச்சு."

"பரவால்ல மா. சார் நல்லா கீறாரா?" என்றார் பாய்.

அவர் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இத எங்ககிட்ட சொல்லி இன்னா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "திருடன்னு பூந்தமல்லில சொன்னீங்க. காது கேக்கலன்றத மட்டும் இங்க வந்து ரகசியமா சொல்றீங்க. அங்க போய் சொல்லுங்க."

 அந்த அம்மாள் பிறகு என்ன நினைத்தாரோ, "உள்ள வாங்க, தண்ணி குடிங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

நானும் பாயும் லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றோம். ஒரு வருஷமாக மறைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்" என்றார்.

கையை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "உங்கப்பாவுக்கு கேக்கலன்னும் எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும் பாப்பா. இன்ஜின் அந்தக் கத்து கத்துது, அவுரு எதுன்னு கேட்டாரு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொன்னா அப்பால யாரு ட்வீட்டர் வாங்குவா, ஆம்ப்ளிஃபையர் வாங்குவா? அதனால சொல்லல. வித்துக்கினே இருந்தேன். உங்க மாமா சொன்னது முழுப் பொய் இல்ல. நீ இத நெனச்சுக்கினு இருக்காத. போ."

பஸ்ஸில் நான் அம்மாவின் தோளில் நன்றாகத் தூங்கினேன். ஒரு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை. ஆனால் பிறகு, எனக்கே பிள்ளைகள் பிறந்து, அவர்கள் மனம் நோகாமல் இருக்க நானும் பொய் சொல்லப் பழகிய பிறகு, அந்தப் பேச்சின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் தன் குற்றத்தைச் சொன்னாரா, அல்லது ஒரு சின்னப் பெண்ணின் சுமையை இறக்க இல்லாத குற்றத்தைத் தன் மேல் ஏற்றிக்கொண்டாரா? சில நாள் ஒன்றை நம்புகிறேன், சில நாள் மற்றதை.

வீட்டில் அப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிகிற மாதிரி எதிரே நின்று, உதட்டை அசைத்து, பாய் மனைவி சொன்னதை அம்மா அப்படியே சொன்னாள். நான், "அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சுப்பா. பாய்க்கும் அது தெரியுமாம்" என்றேன்.

அப்பா படியில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"எனக்கும் தெரியும்" என்றார்.

எது தெரியும் என்று நான் கேட்கவில்லை. தன் காது போனதா, பாய் திருடவில்லை என்பதா, பின்சீட்டில் நான் சொன்னது பொய் என்பதா. மூன்றும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அப்பா பூந்தமல்லிக்குக் கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன். பூவரச மரத்தடியில் நிறுத்தி, இறங்கி, சீட் கவர்காரர் முன்னால் போய் நின்றார். பெஞ்சில் அன்றும் நாலைந்து டிரைவர்கள் இருந்தார்கள். குடம் வாங்க வந்த பெண்கள் இருந்தார்கள். அப்பா அவர் ஒருவரிடம் மட்டும் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார். காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. சந்து முனைவரை கேட்கும்படி, "எனக்குக் காது கேக்காது. பாய் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்" என்றார்.

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். சீட் கவர்காரர் பதறி எழுந்து, "சார், மெதுவா சொல்லுங்க, எல்லாம் பாக்குறாங்க" என்றார்.

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார்.